இருபத்தாறு பூச்சு

என் மேசை இழுப்பறையில், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள் கிடக்கும் தகர டப்பாவில், கட்டைவிரல் நகத்தளவு ஒரு பெயிண்ட் சில்லு இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் மங்கிய வெள்ளி நிறம். பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் குவே லாப்பிஸ் என்னும் அடுக்குப் பலகாரத்தை அறுத்தது போல அடுக்கடுக்காய்க் கோடுகள் தெரியும். வேலையில்லாத மத்தியானங்களில் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்கோ போய்விடுவேன். மனைவி பார்த்தால், "ஆரம்பிச்சிட்டாரு" என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அது என் அண்ணனின் லோரிச் சக்கரத்திலிருந்து உதிர்ந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்து வண்டி. அண்ணன் போய் ஐந்து வருடம் ஆன பிறகும் அண்ணிதான் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். விடியும்போது கெப்பாலா பத்தாஸில் வாழையிலைக் கட்டுகளை ஏற்றி, கடல் பாலம் கடந்து தீவுக்கு வந்து சூலியா தெருச் சாப்பாட்டுக் கடைகளில் இறக்கிவிட்டு, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்புவார். கதவைத் திறந்தாலே பச்சை இலை வாசம் அடிக்கும். அந்த வாசம் எனக்கு அண்ணன் வாசம்தான்.

ஒருநாள் மழையில் மலைச்சரிவில் இறங்கும்போது, நனைந்த பிரேக் பிடிக்காமல் லோரி சாலையோரக் கால்வாயில் போய் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கோலாலம்பூரிலிருந்து அண்ணியின் மகன் கூப்பிட்டு, அடுத்த வாகனப் பரிசோதனையில் தேறாவிட்டால் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டான். அண்ணி என்னிடம் வந்தார். "தம்பி, நிக்கிற மாதிரி செஞ்சு குடுங்க. நிக்கலன்னா நானே வித்துடுறேன்லா. ஆனா இது போச்சுன்னா நான் அந்தப் பதினோராவது மாடியில உக்காந்து மலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

நான் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். அந்தத் திமிரில், "முன்னாடி ரெண்டுக்கும் டிஸ்க் பிரேக் போட்டுடலாம் அண்ணி, ரெண்டு ஞாயித்துக்கிழமை வேல" என்றேன். அடுக்குமாடியின் கீழே, வண்டி நிறுத்துமிடத்தில் லோரியைத் தூக்கி நிறுத்தி, பழைய பிரேக்கைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினேன். சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றியபோது அரைச் சுற்று போய்க் கிறீச்சென்று நின்றது. சுழலும் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் சக்கரத்தின் உள்விளிம்பில் இடித்தது. நூலளவு இடம் போதவில்லை. அளந்து பார்க்காமல் வாங்கிவிட்டேன், வேறென்ன சொல்ல.

அகலமான சக்கரம் தேடி வாரம் முழுக்க அலைந்தேன். அந்தக் காலத்து ஆணி அமைப்புக்கு எதுவும் சேரவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு குறுக்குப் புத்தி வந்தது: சக்கரத்துக்குப் பின்னால் வாஷர்களை அடுக்கி அதை வெளியே தள்ளினேன். இடிக்காமல் சுற்றியது. ஆனால் நட்டு மூன்றே திருகு மரையில் தொற்றிக்கொண்டு நின்றது. காப்பி கொண்டுவந்த அண்ணி குனிந்து பார்த்தார். "இதுல உங்க மகள ஏத்தி அனுப்புவீங்களா, தம்பி?" நான் எல்லாவற்றையும் கழற்றினேன்.

பிறகு, எங்கேதான் இடிக்கிறது என்று பார்க்க, அண்ணியிடம் சப்பாத்தி மாவு கேட்டு வாங்கிக் காலிப்பர் முழுவதும் அப்பினேன். சக்கரத்தை மாட்டி, முக்கித்தக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், ஓரிடத்தில் மாவு வெற்றிலையாய் நசுங்கியிருந்தது. அதில் வெள்ளி நிறத்தில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. சக்கரத்தின் உட்புறத்தை நகத்தால் கீறினேன். இரும்பு வரவில்லை. இன்னும் கீறினேன். அப்போதும் பெயிண்ட்தான்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் அண்ணன் லோரியைக் கழுவிச் சக்கரங்களுக்குச் சில்வர் அடிப்பார். வெளியே மட்டும் அடித்தால் மனசு ஆறாது. கழற்றி உள்ளேயும் அடிப்பார். "கண்ணுக்குத் தெரியாத எடத்துலதான்டா துரு வரும்" என்பார். பழையதைச் சுரண்ட மாட்டார், தூசியைத் துடைத்துவிட்டு மேலேயே பூசுவார். மறுநாள் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சை. வருடா வருடம் வழிந்த பெயிண்ட் உள்மடிப்பில் தேங்கித் தேங்கி ஒரு தோலாகவே வளர்ந்திருந்தது. நமக்கு வேண்டிய இடத்தை அதுதான் பிடித்துக்கொண்டிருந்தது.

அதைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று சொன்னதும் அண்ணியின் முகம் வாடிப்போயிற்று. "அது அவர் அடிச்சதுலா. அதத் தொடாம ஏதாச்சும் செய்ய முடியாதா?"

"முடியாது, அண்ணி."

அவர் மாடிக்குப் போய்விட்டார். லோரி கதை முடிந்தது என்றே நினைத்தேன். எதிரே மலைமேல் பனி இறங்கி, அங்கிருக்கும் கோயில் எது, மரம் எது என்று தெரியாமல் எல்லாம் கரைந்துகொண்டிருந்தது. நான் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அரைமணி கழித்து அண்ணி வந்தார். உடுப்புக்கு மேலே அண்ணனின் முழுக்கைச் சட்டை, கையில் தோசைக் கரண்டி. "நான்தான் சுரண்டுவேன். நீங்க கை வைக்காதீங்க."

சாயங்காலம் வரை சுரண்டினார். வெள்ளிக்குக் கீழே வெள்ளி, அதற்கும் கீழே வெள்ளி. நடுவில் ஓரிடத்தில் நீலம் எட்டிப் பார்த்தது. "அந்த வருஷம் சில்வர் கெடைக்கல. ஜன்னலுக்கு வாங்கி வச்ச நீலத்த எடுத்து அடிச்சிட்டாரு. நான் நல்லா ஏசுனேன்" என்று சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, அழுதுகொண்டே சுரண்டினார். நானும் அழுதேன். கறி வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டுமே.

இரண்டு சக்கரங்களிலும் இரும்பு தெரிந்த பிறகு மறுபடி மாவை அப்பிச் சுற்றினேன். இம்முறை சப்பாத்திக் கனத்துக்கு மாவு அப்படியே நின்றது. சத்தமே இல்லை.

அடுத்த நாள் தூறலில் அதே மலைச்சரிவில் இறங்கினோம். அண்ணி ஓட்டினார், பக்கத்தில் நான். அந்தக் கால்வாய்க்கு முன்னால் மிதித்தார். லோரி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஸ்டேரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிக்குதுலா" என்றார். பரிசோதனையிலும் தேறியது. பழைய இரும்புக்காரன் பேச்சை மகன் அதன்பிறகு எடுக்கவில்லை.

சுரண்டிய அன்று தரையில் கிடந்த ஒரு சில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சில மாதம் கழித்து, தொழிற்சாலை உருப்பெருக்கியின் கீழே சும்மா வைத்துப் பார்த்தேன். அடியிலிருந்த கம்பெனிப் பூச்சைத் தவிர்த்து அடுக்குகளை எண்ணினேன். இருபத்தாறு. அண்ணன் அந்த லோரியை வைத்திருந்தது இருபத்தொரு பூசைக்குத்தான். மூன்று முறை எண்ணினேன். மேலே இருந்த ஐந்து அடுக்கும் அண்ணன் கைப்பூச்சு இல்லை; மெல்லியவை, வழியாமல் நிதானமாகப் பூசியவை. அண்ணன் போன பிறகு அந்த வீட்டுப் பூசைக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. அந்த நினைப்பு என்னைச் சுட்டது.

இந்த வருடம் போனேன். அண்ணி கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் வெளிப்புறத்துக்குச் சில்வர் அடித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு தூரிகையை நனைத்து உட்புறத்துக்குக் கொண்டுபோனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வேணாம் தம்பி. அங்க பிரேக்குக்கு எடம் வேணும்."

பையிலிருந்த சில்லை எடுத்து நீட்டினேன். "இதுல இருபத்தாறு இருக்கு, அண்ணி."

அவர் குனிந்து அந்த அடுக்குகளைப் பார்த்தார். "எண்ணிட்டீங்களா" என்றார். பிறகு பெயிண்ட் படிந்த விரல்களால் என் கையை மூடிவிட்டார். "நீங்களே வச்சிருங்க. எனக்கு லோரி இருக்கு."

சில்லின் ஒரு மூலையில் இப்போது அவருடைய விரல்பட்ட புது வெள்ளி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அதை நான் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.