புவனேஸ்வரி குட்டையில் ஜிலேபி கெண்டை

‘இந்தியப் பெருங்கடலை வெட்டியது யாரென்று தெரியவில்லை. அதற்கு அடுத்த பெரிய நீர்நிலையை வெட்டியவர் என் அத்தை புவனேஸ்வரி. அவர் கரையில் நின்று லேசாக இருமினால் போதும், கட்லா மீன்கள் தண்ணீருக்கு மேலே எழுந்து வணக்கம் சொல்லும்.’

ஹரிணி இப்படித்தான் எழுத ஆரம்பித்திருந்தாள். மகளிர் குழுவில் ஒவ்வொருவர் வாழ்க்கைக் குறிப்பையும் சேர்த்து ஒரு புத்தகம் போடப்போவதாகத் தலைவி சந்தனமேரி சொல்லியிருந்தார். புவனேஸ்வரிக்கு எழுத நேரமில்லை. அவளுடைய அண்ணன் மகள் ஹரிணிக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்டவள். கொடும்பாளூர்ப் பக்கம் யார் செருப்பு எந்தக் கூரைமேல் கிடந்தாலும் முதலில் அவள் பெயரைத்தான் சொல்வார்கள். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். ஆரம்பத்திலேயே பெரிதாக அளந்துவிட்டால், எழுதக் கூசுகிற விஷயத்தை எழுதாமல் தப்பித்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

குட்டையை உண்மையில் வெட்டியது ஜேசிபி. கடலை போட்டு மூன்று வருடம் காய்ந்துபோன அரை ஏக்கரில் அது இரண்டு நாள் உறுமியது. புவனேஸ்வரி குடையைப் பிடித்தபடி கூடவே நின்றாள். டிரைவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து உள்ளே இறங்கி, கோணலான மூலையை மண்வெட்டியால் அவளே சீவிச் சரிசெய்தாள்.

அவள் கணவர் ரத்தினவேல் கத்தாரில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் ஊரில் இருந்த லீவு நாட்களை எல்லாம் கூட்டினாலும் இரண்டு வருடம் தேறாது.

“குட்டை மட்டும் கைகுடுக்கட்டும், நீங்க திரும்பிப் போக வேணாம்” என்று அவள் போனில் சொன்னாள்.

“தையில வாரேன். ஒரு கிலோ கட்லாவ எங் கையில குடு, பாஸ்போர்ட்ட ஒங் கையில குடுத்துர்றேன்” என்றார் அவர்.

போர்த் தண்ணீர் நிரப்பி, கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை வாங்கி விட்டாள். அன்றிலிருந்து தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து, துளை போட்ட சாக்கில் கட்டிக் குட்டைக்குள் தொங்கவிடுவது அவளுக்குச் சாமி கும்பிடுவது மாதிரி ஆகிவிட்டது.

இதெல்லாம் தெரிந்துதான் ஹரிணி அந்த வேலையைச் செய்தாள். பங்குனியில் ஊர்க் கண்மாய் வற்றிச் சேறானபோது அவள் கையில் ஒரு ஜிலேபி கெண்டை அகப்பட்டது. தாடை உப்பி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வெற்றிலைச் சாற்றைத் துப்ப இடம் தேடுகிற ஆளைப் போல இருந்தது. கோபத்தில் இருக்கும் அத்தை முகமும் அப்படியேதான் இருக்கும். இதைக் குட்டையில் விட்டால் ஒருநாள் கட்லாக்களுக்கு நடுவே இந்த மூஞ்சி எட்டிப் பார்க்கும், அத்தை திட்டுவாள், கேட்டுச் சிரிக்கலாம். அவ்வளவுதான் திட்டம். சோடியில்லாத ஒற்றை மீன் என்ன செய்துவிடும்? தூக்குவாளியில் கொண்டுபோய் விட்டாள். அது எட்டிப் பார்க்கவே இல்லை. அவளும் மறந்துபோனாள்.

தையில் ரத்தினவேல் வந்தார். வலை கனத்தபோது புவனேஸ்வரி அவரைப் பார்த்துச் சிரித்தாள். கரைக்கு இழுத்தால், வலை முழுக்க விரல் நீளத்தில் ஜிலேபி கெண்டை. இடையிடையே கட்லாவும் ரோகுவும், காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைகள் மாதிரி, கால் கிலோகூடத் தேறாமல்.

மீன்வளத் துறையிலிருந்து வந்திருந்த நிலவழகன் ஒரு ஜிலேபியை எடுத்து, வாயைத் திறந்து கவிழ்த்தார். கண் மட்டும் தெரிகிற குஞ்சுகள் அவர் உள்ளங்கையில் கொட்டின.

“மொதல்ல இது கெண்டையே இல்லைங்கக்கா. ரோகு, கட்லாவெல்லாம் கெண்டைக் குடும்பம். இது சிக்லிட், ஆப்பிரிக்காக் குடும்பம். முன்னாடி இந்த வகை எல்லாத்தையும் திலாப்பியான்னே வச்சிருந்தாங்க. அப்பறம் பிள்ளை வளக்குற விதத்தப் பாத்துப் பிரிச்சாங்க. முட்டையத் தரையில போட்டுக் காவல் காக்குறது திலாப்பியா. தாய் மட்டும் வாயில வச்சு வளக்குறது ஓரியோகுரோமிஸ். இது அந்த ரெண்டாவது வகை.”

“வாயிலயா? அப்ப எப்பிடிங்க திங்கும்?” என்றாள் புவனேஸ்வரி.

“குஞ்சு தனியா நீந்திப் போறவரைக்கும் பட்டினிதான். ஒரு வாயிக்குள்ள நூத்துக்கணக்குல இருக்கும். அதுங்களும் மூணு நாலு மாசத்துல முட்டை வைக்க ஆரம்பிச்சிரும். ஒங்க தீனியெல்லாம் அங்கிட்டுப் போயிருச்சு. மழையில கண்மாய்த் தண்ணி ஏறி வந்திருக்கும்.”

ஹரிணிக்குக் காது சுட்டது. வாய் நிறையக் குஞ்சுகளோடு பட்டினி கிடந்த ஒரு தாயைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவள் அன்று அப்படிச் சிரித்திருக்கிறாள். சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராமல் மீன் பொறுக்கினாள்.

“என்ன மருமகளே, ஒரு சேட்டையும் காணோம்? ஒடம்பு சரியில்லையா?” என்றாள் புவனேஸ்வரி. அந்த நிலைமையிலும் கேட்டாள்.

ரத்தினவேல் கோபப்படவில்லை. “கரைய ஒசத்திக் கட்டியிருக்கலாம்ல, புவனா” என்று மட்டும் கேட்டார். லீவு முடிந்து கிளம்பும் வரை அதையே வேறு வேறு விதமாகக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவள், “ஆமா, எந் தப்புத்தான்” என்றாள். ஒருநாள் சொல்லிவிடுவது என்றே ஹரிணி அவர் முன்னால் போய் நின்றாள். “டீ போடவா மாமா?” என்றுதான் வந்தது. அவர் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். மறுவாரம் விமானம் ஏறினார்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் ஹரிணி எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினாள். புவனேஸ்வரி ஜிலேபிக்குச் செதில் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“நான் கடல வெட்டுனேனா? அடி செருப்பால. சரி, மேல படி.”

ஜேசிபி வந்தது, குடை வந்தது, கத்தார் வந்தது. அடுத்த வரிக்கு ஹரிணி நான்கு நாள் யோசித்திருந்தாள். அந்த மீனுக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று எழுதியது: ‘பங்குனி வெயிலில் ஒரே ஒரு தாய் மீன், வாய் நிறையப் பிள்ளைகளோடும் வயிறு நிறையப் பசியோடும் இந்தக் குட்டைக்கு வந்து சேர்ந்தது. அது யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.’

செதில் தேய்க்கும் சத்தம் நின்றது.

“மழையில வந்துச்சுன்னுதானே ஆபீசரு சொன்னாரு?”

“ஆமா அயித்தை.”

“பங்குனியில ஏதுடி மழை? ஒண்ணுதான் வந்துச்சுன்னு யாரு எண்ணுனது?”

“மாசத்த மாத்தி எழுதிட்டேன்” என்று ஹரிணி பேனாவை எடுத்தாள். புவனேஸ்வரி செதில் ஒட்டிய கையை நோட்டின் மேல் வைத்து அமுக்கினாள்.

“அத அடிக்காத. கொண்டாந்து விட்டது யாருங்கிறதையும் எழுது. ஏழு மணிக்கு ஒம் மாமா கூப்புடுவாரு. நீயே அவருக்கு வாசிச்சுக் காட்டு.”