கையெழுத்துப் போட்ட பத்து டொலர்

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு பழைய லொட்டோ ரிக்கற் இருக்கிறது. போன கிழமை கார்ச் சாவியைத் தேடிய என் மகள் அதை இழுத்தெடுத்தாள். "பழைய பில் அம்மா, எறியட்டோ?" என்று கேட்டாள். வெடுக்கென்று பறித்துக்கொண்டேன். பிள்ளை திகைத்துப் போனாள். அவள் கேட்டதிலும் பிழையில்லை. முன்பக்கத்து எண்களெல்லாம் வெளுத்து, வெறும் வெள்ளைத் துண்டாகத்தான் அது கிடக்கிறது. ஆனால் அது பரிசு விழுந்த ரிக்கற். பத்து டொலர். தொண்ணூறுகளில் என் சித்தப்பா வாங்கியது.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் இரண்டு அறை அப்பாட்மென்ற் ஒன்றில் இருந்தோம். பக்கத்து பிளாசாவில் பாலும் பேப்பரும் லொட்டோவும் விற்கும் சின்னக் கடையில் எனக்கு வேலை. ஆறு எண்களில் மூன்று பொருந்தினால் பத்து டொலர். பெயர்கூடக் கேட்காமல் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்போம். நாலு எண் வந்தாலும் அப்படித்தான். அதற்கு மேலே போனால் டவுன்ரவுனில் இருந்த பரிசு அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போய், படிவம் நிரப்பிக் காசோலை வாங்கவேண்டும். ஒரு வருடம் தாண்டினால் அது வெறும் கடுதாசி. எல்லாவற்றுக்கும் முதலில் பின்பக்கத்தில் பெயரெழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். போடாத ரிக்கற் எவர் கையில் இருக்கிறதோ அவருடையதுதான். வருகிறவர்களுக்கெல்லாம் இதைக் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது.

சித்தப்பா, அப்பாவின் தம்பி, அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு எங்கள் ஹோலில் மெத்தை விரித்துப் படுத்தார். பகலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அவருடைய படிவங்களை நிரப்பிக் கொடுத்த யாரோ, "கேஸ் முடியுமட்டும் கண்ட கண்ட பேப்பரில கையெழுத்து வைச்சிடாதேங்கோ அண்ணை" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தபால்காரன் நீட்டிய பேனாவைக்கூடத் தொடமாட்டார். பதிவுத் தபால் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். ஊரில் எதிலோ ஒப்பம் வைத்துவிட்டுப் பட்டதெல்லாம் அவர் மனதில் இருந்திருக்கும். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஒரு சனிக்கிழமை அவருடைய ரிக்கற்றை நானே மெஷினில் போட்டுப் பார்த்தேன். ஐந்து எண். இரண்டாயிரம் டொலருக்குக் கிட்ட. "சித்தப்பா, விழுந்திட்டுது!" என்று கடையிலேயே கத்திவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கொத்தியின்ர கண்" என்று மட்டும் சொன்னார். வீட்டில் சித்தியை எல்லாரும் செல்லமாகக் கொத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். கொழும்பு லொட்ஜில் தனியே இருந்த அவவின் வலது கண்ணில் பிரஷர் ஏறிவிட்டது. கெதியாய் ஒப்பரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று டொக்ரர் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. பிரைவேற் ஆஸ்பத்திரிக்குக் கட்ட அவரிடம் காசில்லை. இப்போது இருந்தது.

ஆனால் அலுவலகம் போகவேண்டும், படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும் என்றதும் அவர் பின்வாங்கிவிட்டார். கேஸுக்குப் பிழையாய்ப் போய்விடுமாம். அப்படி ஒன்றுமே நடக்காது என்று யாரையாவது கேட்டுச் சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை. என் கணவர்தான், "மாமா, ஏன் யோசிக்கிறியள்? நான் போய் மாத்திக்கொண்டு வாறன்" என்றார். "அதுதான் தம்பி நல்லது" என்று சித்தப்பா ரிக்கற்றை இரண்டு கையாலும் கொடுத்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து அதன் பின்பக்கத்தில் என் கணவர் தன் பெயரை எழுதினார். பேனா எடுத்துக் கொடுத்தது நான்.

காசோலை இவர் பெயரில் வந்தது. அந்த வாரமே பழைய வான் ஒன்றுக்கு முற்பணமாகப் போனது. "இஞ்சேர், எட்டு மாசமா இஞ்ச இருக்கிறார். வாடகை எண்டு ஒரு சதம் கேட்டனானே? பிறகு குடுப்பம்" என்றார் என்னிடம். சித்தப்பாவிடம், காசு வரச் சுணங்கும் என்றார். நான் வாய் திறக்கவில்லை. வான் வந்தால் என் பஸ் அலைச்சல் தீரும் என்று எனக்கும் ஒரு ஆசை இருந்தது. வெட்கம் கெட்ட ஆசை. கீழே வாசலில் வான் நின்றதைப் பார்த்த அன்று சித்தப்பாவுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். மாத முடிவில் வோபர்னில் ஒரு பேஸ்மென்ற் அறைக்குப் போய்விட்டார். உழைத்துச் சேர்த்து அவர் காசு அனுப்பியபோது சித்தியின் வலது கண் போய்விட்டிருந்தது.

அடுத்த வருடம் பனி கரைந்த காலத்தில் ஒருநாள் சித்தப்பா கடைக்கு வந்தார். ஒரு ரிக்கற்றை நீட்டினார். மூன்று எண் விழுந்திருக்கிறது என்றார். திருப்பிப் பார்த்தேன். முழுப் பெயர், விலாசம், கீழே தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி ஒரு கையெழுத்து. கேஸ் இன்னும் முடிந்திருக்கவில்லை.

"பத்து டொலருக்கு உது தேவையில்லை, சித்தப்பா."

"உனக்குத் தேவையில்லைப் பிள்ளை. எனக்குத் தேவை."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். அந்த ரிக்கற்றை மெஷினில் போட எனக்குக் கை வரவில்லை. என் பேர்ஸிலிருந்து பத்து டொலர் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்; ரிக்கற் என்னோடு தங்கிவிட்டது.

சித்தப்பா இப்போது இல்லை. வானும் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. இரண்டாயிரத்தை என் கணவர் கொடுக்கவே இல்லை, நானும் கொடுக்கவில்லை. சித்தி பிறகு இங்கே வந்துவிட்டா; கலியாண வீடுகளில் கண்டால் முகத்தை முழுக்கத் திருப்பி இடது கண்ணால் என்னைப் பார்த்து, "சுகமே பிள்ளை?" என்று அன்பாகக் கேட்பா. அவவுக்கு ஒன்றும் தெரியாது. சித்தப்பா சொல்லவில்லை.

பரிசு விழுந்த ரிக்கற் என்று மட்டும் அன்று மகளிடம் சொன்னேன். "அம்மா, அது எக்ஸ்பயர் ஆகியிருக்கும். காசு தரமாட்டினம்" என்றாள் மகள், சமாதானமாக. சோபாவிலிருந்து என் கணவர், "உந்தக் குப்பையை எறி" என்றார். ரிக்கற்றைத் திருப்பி அவருடைய மடியில் வைத்தேன். எண்கள் போனாலும் பேனா மை போகவில்லை. சித்தப்பாவின் பெயரை வாசித்தார். பிறகு ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.