அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன கதை

எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியலங்கறது எங்க தேயிலத் தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும், ஒத்துக்க மாட்டாரு, அவ்வளவுதான். முப்பது வருசம் கங்காணியா இருந்த மனுசன். மலையில ஒருத்தி ஒரு கொழுந்த விட்டுட்டா நாலு நெரைக்கு அந்தாண்ட இருந்தே கண்டுபுடிச்சுச் சத்தம் போடுவாரு. நானும் அவருக்குக் கீழதான் கொழுந்தெடுத்தேன். மகளாச்சேன்னு ஒரு நாள் விட்டதில்ல. மத்தவளுகளுக்கு ஒரு ஏச்சுன்னா எனக்கு ரெண்டு. அப்படிப்பட்ட கண்ணு போச்சுன்னு வாயத் தொறந்து சொல்வாரா?

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் இருக்கும், வேலைய விட்டு நின்னாரு. அம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. லயத்து வரிசையில எங்க ஒத்தக் காம்பரா வீட்டுக்கே வந்துட்டாரு. வந்தவரு சும்மா இருப்பாரா? விடிஞ்சா கோட்டு, தலப்பா, கையில பிரம்பு. நான் அடுப்புல ரொட்டி சுட்டுக்கிட்டிருப்பேன், அவரு வாசல்ல நின்னு, மலைக்கு ஆள் பிரிச்சு அனுப்பற மாதிரி பெரட்டு நடத்துவாரு. "இன்னும் கெளம்பலயா? வெயில் வந்தப்புறம் மலைக்குப் போவீங்களா?" எங்க வீட்டுக்காரரு பாவம், கையக் கட்டிக்கிட்டு நிப்பாரு. எனக்குக் கோவம் பத்திக்கிட்டு வரும். பாத்தா கோட்டுப் பித்தான மாத்திப் போட்டிருப்பாரு. ரொட்டிய எறக்கி வச்சுட்டுப் போயி சரியாப் போட்டு விடுவேன். அவரு ஒண்ணுமே நடக்காத மாதிரி எங்கயோ பாத்துக்கிட்டு நிப்பாரு.

இப்படியே அஞ்சு வருசம் ஓடுச்சு. ஒரு நாள் ரோட்டுல மோட்டார் சைக்கிள் சத்தம். எங்க தோட்டத்துல மோட்டார் சைக்கிள்னா சின்னத் தொரைதான். தொரை வந்தா ரோட்ட விட்டு ஒதுங்கணும், தலப்பாவ எடுக்கணும், சலாம் வைக்கணும். அப்பா ஒண்ணும் கொறை வைக்கல. ஒதுங்கினாரு, தலப்பாவ எடுத்தாரு, "சலாங்க தொரை"ன்னாரு, அப்படியே ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள விழுந்துட்டாரு. வந்தது அட்டன் பஜார்ல துணிக்கடை வச்சிருக்கிற முதலாளி. புதுசா மோட்டார் சைக்கிள் வாங்கி லயம் லயமாச் சேல விக்க வந்த மனுசன். எறங்கி ஓடியாந்து அப்பாவத் தூக்கி நிறுத்தி, "கங்காணியாரே, நான் தொரை இல்ல, சேல யாவாரி"ன்னாரு. அப்பா சேத்தத் தட்டிக்கிட்டே, "தெரியுது முதலாளி. யாவாரிக்கும் மரியாத குடுக்கணும்ல?"ன்னாரு.

முழங்கால் வீங்கிப் போச்சு. தோட்டத்து மருந்தையா வந்து காலப் பாத்துட்டு, கண்ணையும் பாத்தாரு. என்னைத் தனியாக் கூப்பிட்டு, "புரை நல்லா முத்திருச்சு. கண்டிப் பெரியாஸ்பத்திரியில வெட்டி எடுத்தா தெரியும். இன்னும் போட்டு வச்சா அப்புறம் ஒண்ணும் செய்ய ஏலாது"ன்னாரு.

அப்பாகிட்ட சொன்னா, "எனக்கென்ன, நல்லாத்தான் தெரியுது"ன்னு சொவத்தப் பாத்துச் சொல்றாரு. கொட்டகலையில கடையில நிக்கிற தம்பிக்கு ஆள் அனுப்பினேன். வந்தான். ஒரு சீப்பு வாழப்பழம், ரெண்டு மணி நேரம் புத்திமதி. "அப்பா மனசு நோகக் கூடாதுக்கா, நீதான் பதமாச் சொல்லணும்"னான். அப்புறம் அப்பா முன்னால போயி, "ஒங்க இஷ்டம்பா"ன்னு கால்ல விழுந்து கும்பிட்டுட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போயிட்டான். பழத்துல பாதிய அவனே தின்னுட்டான்.

எங்கப்பா சாமி சொன்னாலும் கேக்க மாட்டாரு. தொரைகிட்ட இருந்து துண்டுச்சீட்டு வந்தா மட்டும் தட்ட மாட்டாரு. தோட்டத்துல எல்லாமே துண்டுலதானே நடக்குது? கூரைக்குத் தகரம் வேணுமா, துண்டு. செத்தவன் பொட்டிக்குப் பலக வேணுமா, அதுக்கும் துண்டு. அதனால ஒரு நாள் வேல விட்டு வந்ததும், துணி தொவைக்கிற சவுக்காரம் சுத்தியிருந்த கடுதாசிய எடுத்து நாலா மடிச்சேன். "அப்பா, பெரிய தொரை துண்டு குடுத்திருக்காங்க. திங்கக்கெழம நீங்க கண்ணாஸ்பத்திரிக்குப் போவணுமாம்"னு நீட்டினேன்.

வாங்கினாரு. பிரிச்சாரு. மூஞ்சிக்கு நேராப் புடிச்சு, தலைய ஆட்டி ஆட்டிப் படிச்சாரு. சவுக்கார வாசன காம்பரா பூரா அடிக்குது. கடைசியில, "ம், தொரை கையெழுத்துதான். தொரையே சொன்னப்புறம் என்ன செய்யிறது"ன்னு மடிச்சுக் கோட்டுப் பைக்குள்ள வச்சுக்கிட்டாரு. கண்ணு தெரியல, வேற யாரயாச்சும் படிக்கச் சொல்லுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மாட்டியிருப்பேன். சொல்ல மாட்டாருன்னு தெரிஞ்சுதானே செஞ்சேன். ஜெயிச்சதுக்குச் சந்தோசப்படணும், படல. பெத்தவர ஏமாத்தற அளவுக்கு வந்துட்டோமேன்னு கேவலமா இருந்துச்சு. தண்ணிப் பீலிக்குப் போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்தேன்.

ரயில்ல அவரு தூங்கினப்ப அந்தக் கடுதாசிய எடுத்து சன்னல் வழியா வீசிட்டேன். ஆஸ்பத்திரியில கோட்டக் கழட்ட மாட்டேன்னு நர்சம்மாவோட சண்ட. "தொரை சொல்லியிருக்காங்கப்பா"ன்னேன், கழட்டினாரு. அப்புறம் எல்லாத்துக்கும் அதே மருந்துதான். மாத்திர முழுங்கவும் தொரை, அசையாமப் படுக்கவும் தொரை. எங்கப்பா மேல தனக்கு இவ்வளவு பாசம் இருந்தது அந்த வெள்ளக்காரத் தொரைக்கே தெரியாது.

வெட்டி, கட்டுப் போட்டு, கட்ட அவுத்து, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி கூட்டிப் போனப்ப தடிச்ச கண்ணாடி ஒண்ணு மாட்டி விட்டாங்க. அப்பா வராந்தா பெஞ்சில உக்காந்து தூணப் பாத்தாரு, தன் கையப் பாத்தாரு, அப்புறம் என்னைப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. கண்ணாடியக் கழட்டி வேட்டியில தொடச்சுட்டு, மறுபடி மாட்டிக்கிட்டுப் பாத்தாரு.

"யாரக் கேட்டுடி தல நரைச்ச?"ன்னாரு.

இத்தன வருசமும் என் மூஞ்சி தெரியாமத்தான் என் கையால சோறு வாங்கித் தின்னுருக்காருன்னு அப்பத்தான் ஒறைச்சுச்சு. நாலு வார்த்த திருப்பிக் குடுக்கலாம்னு வாயத் தொறந்தேன். அழுகதான் வந்துச்சு.