ஒட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே ஒரு மாத்திரை

ஆசிரியத் தொழிலில் ஓய்வு பெறும் நாள்வரை தேர்வு எழுதிக்கொண்டிருப்பவர் மாணவர் அல்லர், ஆசிரியரே. அத்தேர்வுக்குத் தேர்தல் பணி என்று பெயர். சமூக அறிவியல் கற்பித்து, தமிழாசிரியர் விடுப்பில் சென்ற நாள்களில் இலக்கணமும் நடத்திய நான், வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பலமுறை அமர்ந்திருக்கிறேன். வாக்குப்பதிவு இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் குலுங்கிச் சென்றவர்கள் உங்களுள் இருப்பீர்கள். உங்களுக்கு என் அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக, நான் கடைசியாகப் பணியாற்றிய மக்களவைத் தேர்தலை மட்டும் சொல்கிறேன்.

பயிற்சி

நாகர்கோவிலில் நடந்த பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்து, பயிற்றுநர் சொன்னவற்றை எல்லாம் எழுதிக்கொண்டேன். மாதிரி வாக்குகளை அழிக்காமல் உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்கினால் என்னவாகும், காகித முத்திரை கிழிந்தால் என்னவாகும் என்று நான் கேட்கக் கேட்க, அவர் முகம் வாடியது. எனக்கோ ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. பணியிடை நீக்கம் பெற்றவராக ஓய்வு பெறுவதைக் கனவிலும் கண்டு விழித்துக்கொண்டிருந்தேன்.

என் சாவடிக்கு முதல்நிலை அலுவலராக வாய்த்தவர் ஆரல்வாய்மொழியைச் சேர்ந்த கணக்காசிரியர் ஜெபராஜ். தேநீர் இடைவேளையில் என் அச்சத்தை அவரிடம் சொன்னேன். அவர் வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "தப்பு பண்ணினா சஸ்பெண்ட், டீச்சர். தப்பே பண்ணலன்னா அடுத்த தேர்தலுக்கும் இதே டூட்டி. ரெண்டுல எது பெரிய தண்டனைன்னு எனக்கு இன்னும் தெரியல."

சபை

எங்களுக்குக் கிடைத்தது கீரிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு தொடக்கப் பள்ளி. முதல் நாள் மாலையில் எங்களுக்குக் கஞ்சியும் பயறும் கொண்டுவந்த லீலா, அப்பள்ளியின் சத்துணவுச் சமையலர். "இது எந்த சபைக்கு டீச்சர்?" என்று கேட்டார். எங்கள் மாவட்டத்தில் சபை என்றால் முதலில் நினைவுக்கு வருவது தேவாலயச் சபையே. மக்களவைக்கு என்றேன். "அங்க ஐயரு யாரு?" என்றார். போதகரைத்தான் இங்கே ஐயர் என்பார்கள். அவைத்தலைவர் உண்டு, அவரைச் சபாநாயகர் என்றும் சொல்வார்கள் என்றேன். "அவரு பிரசங்கம் பண்ணுவாரா?" "மாட்டார். மற்றவர்களை நிறுத்தச் சொல்வார்."

பிரதமரை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. நம் தொகுதி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறோம். பெரும்பான்மை உறுப்பினர்களின் ஆதரவைப் பெற்றவரைக் குடியரசுத் தலைவர் பிரதமராக நியமிக்கிறார் என்று, பத்தாம் வகுப்பில் சொல்லும் அதே ஒழுங்கில் விளக்கினேன். லீலா கவனமாகக் கேட்டார். பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சொன்னார்: "எங்க சபையிலயும் அப்படித்தான் டீச்சர். நாங்க கமிட்டிக்கு ஓட்டு போடுவோம், கமிட்டி செக்ரட்டரியப் போடும், செக்ரட்டரி எங்களப் பாத்தா அடுத்த வாசல் வழியா போவாரு."

ஓர் ஒற்று

விடியற்காலையில் பள்ளிச் சுவரைப் பார்த்தேன். யாரோ சுண்ணக்கட்டியால் 'வாக்குசாவடி' என்று எழுதி, அம்புக்குறி இட்டிருந்தார்கள். 'வாக்கு' வன்தொடர்க் குற்றியலுகரம். அதன் பின் வல்லினம் மிக வேண்டும். அந்தச் சொல்லைக் கடந்து போக என் கால்கள் ஒப்பவில்லை. ஒரு சுண்ணக்கட்டியைத் தேடி எடுத்து, இடையில் ஒரு 'ச்' நுழைத்தேன்.

அப்போதுதான் வேட்பாளர்களின் முகவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுள் மோகனன் என்பவர் பெருங்குரலர். சொந்தமாகச் சிறிது ரப்பர் மரம் வைத்திருப்பவர். எழுத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "நேத்து வரைக்கும் இல்லாத அந்த 'ச்' எந்தக் கட்சி, டீச்சர்?"

அழித்தேனா?

முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, முடிவைக் காட்டி, வாக்குகளை அழித்து, முத்திரையிட்டோம். வாக்காளர்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் வாக்களித்தவர்களுள் மோகனனும் ஒருவர். அதுவரை எல்லாம் சரி.

இருக்கையில் அமர்ந்த மறுகணமே எனக்கு ஐயம் பிறந்தது. அழிக்கும் பொத்தானை அழுத்தினேனா? அழுத்தியதாக நினைவு. ஆனால் நினைவு சான்றாகாது. ஜெபராஜிடம் கேட்டேன், அழுத்தினீர்கள் என்றார். சிறிது நேரம் கழித்து, 'அழுத்தினீர்கள்' என்று அவர் சொன்னது மாதிரிப் பதிவைப் பற்றியா, முத்திரையைப் பற்றியா என்று கேட்டேன். மொத்த வாக்குகளைக் காட்டும் பொத்தானை அழுத்தி, பதிவேட்டோடு எண் பொருந்துவதைக் காட்டினார். பொருந்தியது. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்க ஊரு காற்றாலைகூட காத்து விழுந்தா நின்னுரும் டீச்சர். நீங்க எதுல ஓடுறீங்கன்னு தெரியல."

உரிந்த ஓட்டு

முற்பகலில், காலையிலேயே வாக்களித்துச் சென்ற தங்கையன் என்னும், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி மீண்டும் வரிசையில் வந்து நின்றார். அவரை உள்ளே அழைத்தேன். உள்ளங்கையைத் திறந்து காட்டினார். அதில் சருகு போன்ற மெல்லிய ரப்பர்த் தோல் இருந்தது. அதன்மேல் எங்கள் அழியாத மைக்கோடு. இடக்கைச் சுட்டுவிரலோ பிறந்த குழந்தையினுடையதுபோல் சுத்தமாக இருந்தது. தோட்டத்துக்கு அன்று விடுமுறை. அவருடைய சொந்த மரங்களுக்கு விடுமுறை இல்லை. விடியுமுன் பால்வெட்டி, மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை விரலால் உரித்தெடுத்துவிட்டு, அப்படியே வந்து வாக்களித்திருக்கிறார். விரலில் காய்ந்திருந்த பால்மேல் நாங்கள் மை வைத்திருக்கிறோம்.

"எனக்க ஓட்டு உரிஞ்சு போச்சு டீச்சர்," என்றார். "போன தடவ லிஸ்டுல எனக்க பேரே இல்ல. ஆபீசு ஆபீசா நடந்துதான் பேரச் சேத்தேன். இப்பம் ஓட்டு ஒட்டல."

மோகனன் எழுந்துவிட்டார். "இது கள்ள ஓட்டு, டீச்சர். ரெண்டாவது போட வந்திருக்கான். போலீசுல ஏல்ப்பியுங்க, புடிச்சுக் கொண்டுபோகட்டும். காலையில பால் வெட்டிட்டு வந்தவனுக்கெல்லாம் மை இப்படித்தான் இருக்கும். மறுவாக்குப்பதிவு கேட்டு எழுதித் தருவேன்." வாசலில் நின்ற காவலர் எட்டிப் பார்த்தார். மை வைக்கும் பொறுப்பிலிருந்த இளநிலை உதவியாளர் சுபாவின் கண்கள் கலங்கின. என் கனவில் வந்த பணியிடை நீக்க ஆணை நேரில் வந்து நிற்பதுபோல் இருந்தது. ஆனால் என்னைவிட அஞ்சி நின்றவர் தங்கையன். சிறைக்கு அஞ்சவில்லை; தம் வாக்கு எண்ணப்படாதோ என்றே அஞ்சினார்.

நான் இலக்கண வகுப்பின் நிதானத்தை வரவழைத்துக்கொண்டேன். ஒட்டு, குறிலில் தொடங்குவது. அது விரலில் ஒட்டிக் காய்ந்த பால். ஓட்டு, நெடிலில் தொடங்குவது. அது இயந்திரத்தில் இருப்பது. ஒன்று உரிந்தால் மற்றொன்று உரியாது என்றேன். அவர் யோசித்தார். "அப்பம் நான் யாருக்குப் போட்டேன்னு சொல்லுதேன், அது உள்ள கெடக்கான்னு பாத்துச் சொல்லுங்க," என்று வாயைத் திறந்தார். முகவர்கள் அனைவரும் முன்னே சாய்ந்தார்கள். வாக்கின் இரகசியத்தை என் மேசைமீதே அவர் உடைத்துவிடுவாரோ என்று, என் பணிக்காலத்தில் எந்த மாணவரையும் அதட்டாத குரலில் அவரை அதட்டி நிறுத்தினேன். அவர் மெல்லச் சொன்னார்: "நம்மகிட்ட ஓட்டக் கேக்கும்பம் எல்லாரும் வாயத் தொறக்கச் சொல்லுதானுவ, போட்ட பொறவு மட்டும் வாயப் பொத்தச் சொல்லுதிய."

மை எங்கே?

கொடிக்கம்பத்தின் அடியில் மட்டுமே அலைபேசி பேசும். அங்கே நின்று மண்டல அலுவலரிடம் நடந்ததைச் சொன்னேன். விரலைத் துடைத்துவிட்டு மை வையுங்கள், நடந்ததை நாட்குறிப்பில் எழுதுங்கள், புகார் வந்தால் வாங்கி அனுப்புங்கள் என்றார். அதாவது, புகார் வந்தால் மேலிடம் முடிவு செய்யும். அதுவரை நான் உறங்காதிருக்கலாம். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வாசலில் வைக்கச் சொன்னேன். தங்கையன் கையைத் தேய்த்துக் கழுவி, சுபாவிடம் விரலை நீட்டினார். பிறகு தாமாகவே இறங்கிப் போய், காலையில் பால்வெட்டிவிட்டு வந்தவர்களைத் தேடி அழைத்துவந்தார். வாக்களிப்பதற்கு அல்லாமல், மை வைத்துக்கொள்ள மட்டும் ஒரு வரிசை நின்றதை அன்றுதான் கண்டேன்.

மோகனன் அவ்வரிசையைப் பொருட்படுத்தாமல் புகாரை எழுதிக்கொண்டிருந்தார். நான் தாளை வாங்கக் கை நீட்டியபடி, என் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். வாசலில் நின்ற தங்கையன், தாளை அழுத்திப் பிடித்திருந்த மோகனனின் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மோகனனும் விடியுமுன் தலைவிளக்கு கட்டிப் பால்வெட்டிவிட்டு நேராகச் சாவடிக்கு வந்தவர்தான். தங்கையன் மிக அன்பாகக் கேட்டார்: "மக்கா மோகனா, ஒனக்க விரலுல மையெங்கல?"

மோகனன் தம் விரலைப் பார்த்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாளிக்குப் போய்க் கழுவிவிட்டு, வரிசையின் கடைசியில் நின்றார். மாலையில் பதிவேடும் இயந்திரமும் ஒரே எண்ணைச் சொல்லின, முகவர்கள் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திடும்போது மோகனன் என்னிடம் சொன்னார்: "புகாருல 'கள்ள ஓட்டு'ன்னுதான் எழுதினேன், டீச்சர். நெடிலுதான் போட்டேனா குறிலான்னு இனி பாக்கண்டாம்."

தவறு செய்துவிடுவோமோ என்று நடுங்குகிற ஒருவர், தம் வாக்கு உரிந்துவிட்டதோ என்று நடுங்குகிற இன்னொருவரைப் பார்த்து, அஞ்ச வேண்டாம் என்று உறுதியான குரலில் சொல்லும் ஏற்பாட்டுக்கே மக்களாட்சி என்று பெயர் என்பதை, இத்தனை ஆண்டுக் குடிமையியல் வகுப்பில் நான் ஒருமுறைகூடக் கரும்பலகையில் எழுதிப் போட்டதில்லை.