மதில்மேல் காய்ந்த ஃபில்டர்

என் மாமாவுக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக் வேலை ஏர் ஃபில்டர் கழுவுவதுதான். இது தெரியாமல் ஊரே அவரைப் பெரிய மெக்கானிக் என்று நம்பிக்கொண்டிருந்தது. முதல் ஆளாக நம்பியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் வீடு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி, துபாயில் வேலை. துபாயிலிருந்து கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறவர்கள் சென்ட்டும் கம்பளியும் கொண்டுவருவார்கள். மாமா கார்கோவில் ஒரு குட்டி மோட்டார் பைக்கை ஏற்றி அனுப்பியிருந்தார். மணல்காட்டில் அரபிப் பிள்ளைகள் ஓட்டுகிற வண்டி. டயரைப் பார்த்தால் முரட்டு வண்டி. உயரம் என்னவோ வெள்ளாட்டுக் குட்டி உயரம்தான். நான் ஏறி உட்கார்ந்தால் முட்டி ஹாண்டிலில் இடிக்கும். இடித்தால் என்ன? பெட்டியைப் பிரித்த அன்றே அது என் வண்டி என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் வேறு பிள்ளை கிடையாதே.

சாயங்காலம் ஆனால் மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சீட்டைக் கழற்றுவார். உள்ளே ஒரு டப்பா, அதற்குள் ஒரு ஸ்பாஞ்ச். அதுதான் ஏர் ஃபில்டர். வண்டி மூச்சு விடுவதே அதன் வழியாகத்தானாம். தூசி உள்ளே போனால் இஞ்சின் காலியாம். மண்ணெண்ணெயில் ஒரு அலசு, சோப்புத் தண்ணீரில் ஒரு அலசு. "பிழியாத மக்கா, கிழிஞ்சு போவும். பைய அமுக்கு" என்பார். முதல் நாள் சருவப் பாத்திரத்தின் அடியில் மஞ்சள் மணல் தங்கியது. அரபுநாட்டு மணலை வாழைமூட்டில் கொட்டினோம். அதன் பிறகு ஒரு பொட்டுத் தூசி வரவில்லை. மழையில் ஊறிக் கிடக்கிற எங்கள் ஊரில் தூசிக்கு எங்கே போவது? ஆனாலும் மாமா தினமும் கழுவினார். மிக்ஸி ஓடாமல் நின்றபோதுகூட, "இதுக்கு ஃபில்டர் எங்க இருக்கு?" என்று அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த லீவிலேயே மாமாவுக்குக் கல்யாணம் முடிக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போயிருந்தன. இந்தப் பெண்ணின் போட்டோ வந்ததிலிருந்து மாமா சட்டைப்பையைத் தடவிக்கொண்டே திரிந்தார். தரகர் பெண்வீட்டில், "பையன் ரேஸ் வண்டி மெக்கானிக்கு" என்று அள்ளி விட்டிருந்தார். பெண்ணின் அப்பாவுக்குத் தக்கலையில் ஆபீஸ். மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் மாப்பிள்ளையையும் அந்த ரேஸ் வண்டியையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

மாமாவுக்குக் கை கால் ஓடவில்லை. கவர் பிரிக்காமல் வைத்திருந்த புது ஃபில்டரை எடுத்தார். அதை அப்படியே போடக் கூடாது, தூசி ஒட்டிக்கொள்ள எண்ணெய் தடவ வேண்டும். அதற்கான எண்ணெய் டப்பாவைக் கார்கோக்காரர்கள் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் என்ன? எங்கள் ஊரில் தலைக்கும் குழம்புக்கும் கீல் பிடித்த கதவுக்கும் தேங்காயெண்ணெய்தான். சொந்தத் தேங்காய், செக்கில் ஆட்டியது. மாமா தாராளமாகத் தடவி மாட்டினார். உதைத்ததும் வண்டி அலறிய அலறலில் கோழிகள் ஓட்டின்மேல் ஏறிக்கொண்டன. "கொள்ளாம்!" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

காலையில் நல்ல குளிர். பெண்ணின் அப்பா பெரிய மீசையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமா உதைத்தார். வண்டி இருமியது, முக்கியது, செத்தது. மறுபடி உதைத்தார், மறுபடி செத்தது. மாமாவின் புதுச்சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேறென்ன செய்வார், சீட்டைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுத்தார். அது வெள்ளை வெளேரென்று தேங்காய்ப் பர்பி போல உறைந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா எண்ணெய்க் குப்பியோடு வெளியே வந்தாள். டிசம்பர் மாதம் எண்ணெய் உறைந்துபோகும். குப்பியை மதிலில் வெயில்பட வைத்து உருக்கித்தான் எனக்குத் தலைவாருவாள். அம்மா குப்பியைப் பார்த்தாள், ஃபில்டரைப் பார்த்தாள்.

"ஏலே, தலைக்குத் தேய்க்கவே இன்னும் உருகல்ல. நீ வண்டிக்கு என்னத்தல தேச்சு வச்சிருக்க?"

சம்பந்தம் பேச வந்தவர் முன்னால் ஏலே! மாமா போய், மதிலில் குப்பிக்குப் பக்கத்தில் ஃபில்டரை வைத்தார்.

வெயில் தென்னைக்கு மேலே ஏற வேண்டும். அதுவரை எல்லாரும் காத்திருந்தோம். முந்திரிக்கொத்து வந்தது, சாயா வந்தது. மீசைக்காரர் ஆபீசை மறந்தவர்போல் காலை நீட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, உள்ளதச் சொல்லும். நீரு மெக்கானிக்குதானா?"

மாமா போட்டோ இருந்த பையை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். "இல்ல சார். அரபி வீட்டுல டிரைவர். அவனுக்க பய மணல்ல ஓட்டிட்டு வருவான், நான் ஃபில்டர் கழுவிக் குடுப்பேன். அது ஒண்ணுதான் தெரியும்."

வாசலில் அம்மாவின் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. எனக்கோ அழுகை முட்டியது. பள்ளிக்கூடத்தில் மாமாவைப் பற்றி எவ்வளவு பீற்றியிருந்தேன்!

"அப்ப இந்த வண்டி?"

"பய வளந்துட்டான் சார், முட்டி இடிக்கு. குப்பையில போடப் போனாவ. நான் கேட்டு வாங்கினேன்."

"கார்கோ செலவுக்கு இங்கயே வேற ஒண்ணு வாங்கலாமே. இவ்வளவு பாடுபட்டு எதுக்குடே?"

மாமாவின் காது சிவந்துபோனது. தரையைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்குப் பிள்ளையளுக்கு ஆவும்லா" என்றார்.

மீசைக்காரர் அந்தக் குட்டி வண்டியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். சாயா புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது.

எண்ணெய் உருகியது. மாமா ஃபில்டரைப் பைய அமுக்கி, வழிந்ததைத் துடைத்து மாட்டி உதைத்தார். வண்டி அலறியது, கோழிகள் ஓட்டின்மேல் ஏறின. அந்தச் சத்தத்துக்கு மேலே மீசைக்காரர் கத்தினார்: "மாப்ளே, லீவு என்னைக்கு முடியும்?"

அம்மா அழுதாள், மாமா வண்டியை நிறுத்த மறந்து நின்றார். நான் ஓடிப்போய் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாவது என்னவாவது நடக்கட்டும்; என் வண்டியில் மட்டும் யாரும் பங்குக்கு வரக் கூடாது. பிள்ளைகளுக்கு என்று மாமா தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது, எதிரிலேயே நின்ற என்னை ஏன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.