காற்று போட்ட கோல்

எங்கள் பாலக்காட்டுக் கல்லூரி ராணுவக் கல்லூரி அல்ல. ஆனால் எழுபதுகளில் அதன் கால்பந்து அணியைப் பார்த்தவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். அணியில் இருந்த அத்தனை பேரும் என்.சி.சி. மாணவர்கள். வேறு யாரும் சேர வரவில்லை என்பதுதான் உண்மை. பயிற்சியாளர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று எங்களுக்கு அணிவகுப்பு சொல்லிக்கொடுக்க வந்த எலப்புள்ளிக்காரர். எல்லோருக்கும் அவர் ஹவில்தார்தான். பேச்சு கொங்குத் தமிழ், கட்டளை மட்டும் இந்தி.

அவருடைய கால்பந்தில் பந்துக்கு இரண்டாம் இடம். மைதானத்துக்குள் வரிசையாகக் கைவீசி நடந்து போக வேண்டும். கோல் வாங்கினாலும் முகம் கோணக் கூடாது. நாங்களும் முகம் கோணாமல் கோல் வாங்கிக்கொண்டே இருந்தோம். எல்லாவற்றுக்கும் மேலே தேசிய கீதம். எங்கே கேட்டாலும் கல்லாக நின்றுவிட வேண்டும். பயிற்சியின் நடுவே திடீரென்று அவரே கட்டைக் குரலில் பாட ஆரம்பிப்பார். ஓடுகிறவன் ஓடிய இடத்திலேயே விறைத்து நிற்க வேண்டும். ஒருமுறை என் மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தது. மெல்ல ஊதினேன்.

"ஈ உன்ற நாட்டை விடப் பெருசாடா?" என்று கேட்டு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி மகன். மாட்டுக்குப் பின்னால்கூட அவ்வளவு ஓடியதில்லை.

அந்த மைதானத்துக்கு இன்னொருவரும் ஆசைப்பட்டுக் காத்திருந்தார். அவர் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரரான தாவரவியல் பேராசிரியர். அங்கே காய்கறித் தோட்டம் போட்டுச் செய்முறை வகுப்பு நடத்த வேண்டுமென்று முதல்வரை நச்சரித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் நாங்கள் ஒவ்வொரு ஆட்டமாகத் தோற்றுக்கொண்டே வந்ததைப் பார்த்த முதல்வர் கடைசியில் ஒரு தீர்ப்பு சொன்னார். மிச்சமிருக்கிற ஒரே ஆட்டத்தை ஜெயித்தால் மைதானம் எங்களுக்கு. ஜெயிக்காவிட்டால் கத்திரிக்காய்க்கு.

ஹவில்தாருக்குக் குடும்பம் கிடையாது. "எனக்குன்னு இருக்கறது இந்தக் கிரவுண்டு ஒண்ணுதானுங்க" என்று முதல்வரிடம் சொல்லிவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டோம். அதுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்த நாங்கள் அன்று முதல் ஒழுங்காகப் பயிற்சிக்குப் போனோம்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே, பொள்ளாச்சியிலிருந்து வந்த கல்லூரியோடு நடந்தது. தை மாதம். பாலக்காட்டில் தைக் காற்று கிழக்கே கணவாயிலிருந்து வரும். வரும்போது கொடியில் கிடக்கும் வேட்டியையும் கூட்டிக்கொண்டு வரும். முதல் பாதியில் காற்று எங்கள் முதுகுப்பக்கம் இருந்தது. எங்கள் பையன் ஒருவன் பயந்துபோய் எங்கேயோ உதைத்த பந்தைக் காற்று தூக்கிக்கொண்டுபோய் எதிராளியின் கோலுக்குள் போட்டது.

ஹவில்தாருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. "என்ன ஹவில்தார், காத்துன்னா கோல் போட்டுது!"

"காத்தும் நம்ம டீமுதானுங்க" என்றார் ஹவில்தார்.

இரண்டாம் பாதியில் காற்று என் முகத்துக்கு வந்தது. கோல்கீப்பர் நான்தான். கண்ணெல்லாம் புழுதி. ஆனாலும் எப்படியோ எதையும் உள்ளே விடவில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரம். மேடையில் இருந்த சிறப்பு விருந்தினரின் மேல்துண்டைக் காற்று பிடுங்கியது. அதைப் பிடிக்க அவர் துள்ளி எழுந்தார்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் சிறப்பு விருந்தினர் எழுந்தால் விழா முடிந்தது என்று அர்த்தம். அவரைக் காத்து நிற்க வைப்பது மரியாதையில்லை. மைக் செட்காரர் எத்தனை விழாக்களைப் பார்த்தவர்! தலையைக்கூட நிமிர்த்தாமல் ஊசியை இசைத்தட்டில் வைத்துவிட்டார். குழாய் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் முழங்கியது.

இரண்டு அணியும் நின்றது. கூட்டம் நின்றது. நடுவர் ஹவில்தாரின் பழைய பட்டாளத்து நண்பர். அவரும் வாயில் விசிலோடு விறைத்து நின்றார். நிற்காதது பந்து மட்டும்தான். பாட்டு தொடங்கும் முன் பொள்ளாச்சிப் பையன் லேசாகத் தட்டிவிட்ட பந்து அது. நியாயமாகப் பாதி வழியில் நின்றிருக்க வேண்டும். காற்று அதை உருட்டிக்கொண்டே வந்தது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பூட்ஸை ஒரு சாண் நகர்த்தினால் போதும். கோட்டுக்கு வெளியே ஹவில்தார் நின்றார். முகம் பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தது. கண் மட்டும் பந்துக்கும் எனக்குமாகப் போய்ப் போய் வந்தது. ஒரு இமை அசைத்திருந்தால் நான் பாய்ந்திருப்பேன். அவர் அசைக்கவில்லை. பந்து என் காலை உரசாமல், விருந்தாளி வீட்டுக்குள் வருவதுபோல நிதானமாக வந்து வலையில் ஓய்ந்தது. அப்புறம்தான் பாட்டு முடிந்தது.

நடுவர் விசில் ஊதிக் கோல் என்றார். எங்கள் கேப்டன் சண்டைக்குப் போனான். "ஏனுங்க சார், ஆட்டம்தான் முடிஞ்சு போச்சுங்களே!"

"நான் விசில் ஊதுலயே தம்பி. ஊதுலைன்னா ஆட்டம் நடக்குதுன்னுதான் அர்த்தம்."

ஆளுக்கு ஒரு கோல், சமம். முதல்வர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்து போனார். நாங்கள் வரிசையில் நின்றோம். ஹவில்தார் ஒவ்வொருவராகக் கடந்து என் முன்னால் வந்து நின்றார். அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

"பந்து வந்தது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க சார்."

"காலை நீட்டோணும்னு தோணுச்சா?"

"தோணுச்சுங்க சார்."

"நீட்டுனயா?"

"இல்லீங்க சார்."

அவர் எனக்கு சல்யூட் அடித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாழாப்போன புழுதி" என்றார். காற்று அப்போது அவர் முதுகுப்பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

காலை நீட்டியிருக்கலாமே என்று இன்றும் என்னைக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன தெரியும்? ஹவில்தாரிடம் நாலு நாள் நின்று பார்த்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மைதானத்தில் பாத்தி கட்டினார்கள். பேராசிரியர் கெட்டவரில்லை. முதலில் பறித்த கத்திரிக்காயை ஒரு கூடை நிறைய ஹவில்தாருக்கே கொடுத்தனுப்பினார். ஹவில்தார் எண்ணெய் தாராளமாக விட்டு வதக்கி, அணி முழுவதையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

"தின்னுங்கடா. நம்ம கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்துல காய்ச்சது."

தின்றோம். காய் வெண்ணெயாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஹவில்தார் எல்லோருக்கும் மறுமுறையும் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். பிறகு காய் மிச்சமிருந்த சட்டியை மூடி வைத்துவிட்டு, தன் தட்டில் வெறும் மோர்ச்சோற்றைப் போட்டுக்கொண்டார்.