பெரியம்மாவின் சுண்டுவிரல்

சிலைக்காரம்மாவுக்கு நகரத்தில் மொத்தம் பதினோரு சிலைகள். சொத்து மாநகராட்சியுடையது, குளிப்பாட்டித் துடைத்து மெழுகு பூசுவது அவள். குதிரைமேல் உட்கார்ந்திருப்பவரின் காதுக்குள் குருவி கூடு கட்டினால் அதையும் அவள்தான் எடுக்க வேண்டும். "எங்க வீட்டுக்காரர்கூட இத்தனை தடவை குளிச்சதில்ல" என்பாள்.

பதினொன்றில் ஒன்று மட்டும் சொந்தம். பேருந்து நிலையத்துக்கு எதிரே, பீடம்கூட இல்லாமல் நடைபாதையில் நடந்துபோகிற வெண்கலப் பெண். ஒரு கையில் மடக்கிய குடை, மறு கை சும்மா தொங்கும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாட்களில் ஐந்து வயது மகளை வேலைக்கே கூட்டிவந்து, அந்தக் கையின் சுண்டுவிரலைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தூக்குவாள்.

"விரல விட்டுட்டு ரோட்டுப் பக்கம் போனே, தோலை உரிச்சிடுவேன்!"

"இவங்க யாரும்மா?"

"பாத்தா தெரியல? என்னைவிட ஒரு தலை உயரம். எனக்கு அக்கா."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வெண்கலம் பெரியம்மா ஆகிவிட்டது.

அந்த மகள் வளர்ந்து, தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அம்மாவுக்குத் தலைக்கேறியது. "இனி என் முகத்துலயே முழிக்காதே!" என்றாள். எந்த அம்மா சொல்லாத வார்த்தை அது? சொன்ன வாயாலேயே மறுநாள் சாப்பிடக் கூப்பிடுவார்கள். இவளும் மறுநாள் இரண்டு பேருக்குச் சேர்த்தே சமைத்து வைத்துக் காத்திருந்தாள். மகள் வரவில்லை. அம்மாவின் ரோஷம் அப்படியே அவளுக்கும் இருந்தது. வீடு மாறினாள், போன் நம்பரும் மாறியது. ஆறு வருடம் ஓடிவிட்டது. பாழாய்ப்போன வாய்!

போன புதன்கிழமை பெரியம்மாவின் கைக்கு மெழுகு. முழுச் சிலைக்கும் ஒரே நாளில் பூச முடியாது. வாரம் ஒரு பகுதி. பூசிவிட்டு அரை மணி நேரம் காயவிட வேண்டும். அதற்குள் கை பட்டால் ரேகை அப்படியே பதிந்துவிடும். அந்த நேரத்தில்தான் சிலைக்காரம்மா தெருமுனைக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போவாள்.

திரும்பி வந்து பார்த்தால், சுண்டுவிரலைச் சுற்றி குட்டிக் குட்டியாய் நாலு விரல் தடம்.

"எந்தக் குரங்கு வேலை இது?" என்று பக்கத்துப் பத்திரிகைக் கடைக்காரரிடம் பாய்ந்தாள்.

"ஒரு சின்னப் பாப்பாக்கா. அவங்கம்மா கூட்டிட்டு வந்தாங்க. நீங்க வாளியோட அந்தப் பக்கம் போனதும்தான் இந்தப் பக்கம் வந்தாங்க. 'பெரிய பாட்டி விரல விடாத'ன்னு பாப்பாகிட்ட சொன்னாங்க."

பெரியம்மா அந்தக் குழந்தைக்குப் பெரிய பாட்டி. அப்படியென்றால் தான் யார்? சிலைக்காரம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"நிக்கச் சொல்லக் கூடாதாப்பா?"

"சொன்னேங்க்கா. 'அவங்க முகத்துல முழிக்கக் கூடாது'ன்னு கண்ணத் தொடச்சிக்கிட்டே பஸ் ஏறிட்டாங்க."

காய்ந்த மெழுகை அவள் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். சுண்டுவிரலை மட்டும் துணி தொடவில்லை. பேத்தியின் கை இத்தனூண்டுதானா என்று தன் விரலைத் தடத்தின் மேல் வைத்து வைத்துப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் புதன்கிழமை சேலைப் பகுதிக்கு மெழுகு. பூசி முடித்தும் அவள் குழாய்க்குப் போகவில்லை. எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேருந்துகள் வந்தன, போயின. யாரும் வரவில்லை.

"நீங்க இங்க நின்னா அவங்க எப்படிக்கா வருவாங்க?" என்றார் கடைக்காரர்.

சுருக்கென்றது. தான் சொன்ன சொல்லைத்தான் மகள் இத்தனை வருடமாக அச்சுப் பிசகாமல் கேட்டு நடக்கிறாள். சின்ன வயதில் ஒரு பேச்சாவது கேட்டிருப்பாளா!

அவள் மறுபடியும் மெழுகைத் தொட்டுச் சேலை மடிப்பில், குழந்தை பிடிக்கிற கைக்குப் பக்கத்தில், இன்னொரு பூச்சு பூசினாள். ஈரம் காய்வதற்குள் நகத்தால் கொட்டை எழுத்தில் கீறினாள். சூப்பர்வைசர் பார்த்தால் சீட்டுக் கிழிந்துவிடும். கிழியட்டும்.

வாளியை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மெழுகில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது: "முழிக்கலாம்டி."